வடா பாவுக்கு ருசி தரும் சட்னிகள்: வீட்டிலேயே செய்வது எப்படி?

தாதரில் மத்திய ரெயில்வேயும் மேற்கு ரெயில்வேயும் சந்திக்கின்றன. ஒரு வண்டியில் இருந்து இறங்கி, பாலம் ஏறி, மறு வண்டியைப் பிடிக்க ஓடும் கூட்டம் காலை முதல் இரவு வரை ஓயாது. உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லாத இந்தக் கூட்டத்துக்கு ஏற்ற பண்டம் வடா பாவ்.

பாவ் ரொட்டியை நடுவில் கீறி, உள்ளே சூடான உருளைக்கிழங்கு வடையை வைத்து அமுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து விடுவார்கள். தட்டு வேண்டாம். கரண்டி வேண்டாம். நடந்து கொண்டே சாப்பிடலாம்.

ஆனால் வெறும் ரொட்டி சப்பென்றுதான் இருக்கும். உருளைக்கிழங்கும் அப்படித்தான். இரண்டுக்கும் ருசி கொடுப்பது உள்ளே தூவுகிற சிவப்புப் பூண்டு சட்னியும், தடவுகிற பச்சைச் சட்னியும்தான்.

வீட்டில் அம்மா வடை சுட்டு, ரொட்டியில் வைத்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் "கடை ருசி இல்லை" என்று முகம் சுளிப்பது இதனால்தான். அந்த ருசியை வீட்டில் கொண்டு வருவது கடினம் அல்ல. செலவும் அதிகம் இல்லை. ஆனால் எந்தச் சட்னியை எத்தனை நாள் வைத்துக் கொள்ளலாம் என்று தெரிந்து செய்ய வேண்டும். ருசியை விட இது முக்கியம்.

1966-ம் ஆண்டு

வடா பாவ் பிறந்த இடம் தாதர் ரெயில் நிலைய வாசல் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1966-ம் ஆண்டு அங்கே கடை போட்டிருந்த அசோக் வைத்யா என்பவர் முதன் முதலில் வடையைப் பாவுக்குள் வைத்து விற்றதாகச் சொல்கிறார்கள். அதே காலத்தில் தாதரில் கடை வைத்திருந்த சுதாகர் மாத்ரே என்பவரின் பெயரும் சொல்லப்படுகிறது.

பாவ் நம் நாட்டு ரொட்டி அல்ல. போர்த்துக்கீசியர்கள் கொண்டு வந்தது. உருளைக்கிழங்கும் மிளகாயும் கூட அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் தாண்டி வந்தவைதான்.

அந்தக் காலத்தில் பரேல், லால்பாக், ஒர்லி பகுதிகளில் பஞ்சாலைகள் இரவு பகலாக ஓடின. ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிலாளர்களின் பசியைக் குறைந்த காசில் ஆற்றியது வடா பாவ். 1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2½ லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. வேலை இழந்தவர்களில் பலர் அடுப்பும் வாணலியும் வாங்கி, தெருவோரத்தில் வடா பாவ் கடை போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. சிவசேனா தொடங்கப்பட்டதும் 1966-ம் ஆண்டில்தான். தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுந்த காலம் அது. உடுப்பி ஓட்டல் இட்லி, தோசைக்குப் பதிலாக வடா பாவ் கடை போடுங்கள் என்று மராத்தி இளைஞர்களை அந்தக் கட்சி ஊக்குவித்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வடா பாவ் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். மராத்தியர் வீட்டுப் பிள்ளைகள் மாட்டுங்காவில் தோசைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இட்லிப் பொடிக்கு உறவு

சிவப்புப் பூண்டு சட்னியை மராத்தியில் "லசூண் சட்னி" என்பார்கள். சட்னி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்து விடக்கூடாது. அது பொடி. நம் வீட்டு இட்லி மிளகாய்ப் பொடிக்கு நெருங்கிய உறவு.

இட்லிப் பொடியில் உளுந்தும் கடலைப் பருப்பும் முக்கியம். இதில் பூண்டும் கொப்பரையும் முக்கியம். எள்ளும் மிளகாயும் இரண்டுக்கும் பொது. தனித்தனியாக வறுத்து, ஆற வைத்து, கொரகொரப்பாகப் பொடிக்கும் முறையும் ஒன்றுதான். இட்லிப் பொடி இடிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சட்னி புதிதல்ல.

பூண்டு சட்னி செய்முறை

தேவையானவை:

உரித்த பூண்டுப் பல் 20

துருவிய கொப்பரை அரை கப்

வேர்க்கடலை 2 மேசைக்கரண்டி

வெள்ளை எள் 1 மேசைக்கரண்டி

மிளகாய்த் தூள் 2 முதல் 3 தேக்கரண்டி

உப்பு 1 தேக்கரண்டி

எண்ணெய் 1 தேக்கரண்டி

ஈரத் தேங்காய் கூடாது. முற்றிக் காய்ந்த கொப்பரைதான் வேண்டும். மும்பை மளிகைக் கடையில் "சுக்கா கோப்ரா" என்று கேட்டால் தருவார்கள். காறல் வாடை இருந்தால் வாங்கக்கூடாது.

மிளகாய்த் தூளில் நிறம் அதிகமாகவும் காரம் குறைவாகவும் இருப்பது நல்லது. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் இதற்கு ஏற்றது. காஷ்மீர் மிளகாயும் சரி. நம் ஊர்க் குண்டு மிளகாயைப் போடுவதானால் பாதி அளவு போதும்.

முதலில் வேர்க்கடலையை வெறும் வாணலியில் வறுத்துத் தோலைத் தேய்த்து நீக்குங்கள். அடுத்து எள். அது வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி விடவேண்டும். பிறகு கொப்பரையைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுக்கவேண்டும். கொப்பரை கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். கருகினால் சட்னி முழுவதும் கசக்கும்.

கடைசியில் பூண்டு. ஒவ்வொரு பல்லையும் மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்குங்கள். ஓரம் சிவந்து, ஈரம் வற்றி, வில்லைகள் மொறுமொறுப்பாகும் வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நின்றுவிடும்.

அடுப்பை அணைத்த பிறகு, வாணலியின் சூட்டிலேயே மிளகாய்த் தூளைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் பச்சை வாடை போகும்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகே உப்புச் சேர்த்துப் பொடிக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் கொப்பரையிலும் கடலையிலும் உள்ள எண்ணெய் பிரிந்து விழுதாகி விடும். மிக்சியை ஒரேயடியாக ஓட்டாமல், விட்டு விட்டு 4, 5 முறை சுற்றினால் கொரகொரப்பு கிடைக்கும்.

தெருக்கடையில் இன்னொரு தந்திரம் உண்டு. வடை பொரிக்கும்போது எண்ணெயில் சிந்திப் பொரியும் கடலை மாவுத் துணுக்குகளை அரித்து எடுத்து, மிளகாய்த் தூளும் பூண்டும் சேர்த்து நொறுக்கிக் கொள்வார்கள். இந்தத் துணுக்குகளுக்குச் "சூரா" என்று பெயர். தாதர் மேற்கில் கீர்த்தி கல்லூரிப் பக்கம் கிடைக்கும் வடா பாவ் இந்தச் சூராவுக்குப் பேர் போனது. கடையின் மொறுமொறுப்பு வேண்டும் என்றால், வடை சுடும் அன்று 2 கரண்டி சூராவைப் பூண்டு சட்னியில் கலந்து கொள்ளலாம். இந்தக் கலவையை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஈரம்தான் எதிரி

பொடி கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் இல்லாததுதான். உணவைக் கெடுக்கும் கிருமிகள் வளரத் தண்ணீர் தேவை. அப்பளமும் வற்றலும் கருவாடும் மாதக் கணக்கில் இருப்பது இதனால்தான்.

நன்றாக வறுத்த பூண்டு சட்னியை, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடினால் வெயில் காலத்தில் ஒரு வாரம் வெளியே இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் 2, 3 வாரம் தாங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் கணக்கு வேறு. மழைக் காலக் காற்றிலேயே ஈரம் இருப்பதால், பாட்டிலைத் திறந்து வைத்தாலே பொடி கட்டி தட்டும். அந்த மாதங்களில் கொஞ்சமாகச் செய்து, முதல் நாளில் இருந்தே பிரிட்ஜில் வைப்பது நல்லது. ஈரக் கரண்டியை உள்ளே விடக்கூடாது.

வேர்க்கடலையில் ஒன்றிரண்டு பூஞ்சணம் பிடித்திருந்தாலும், சுருங்கிக் கறுத்திருந்தாலும் பொறுக்கி எறிந்து விடுங்கள். பூஞ்சணத்தில் இருந்து வரும் அப்லடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது.

எண்ணெய் ஊற்றி வைக்கலாமா?

"பொடியாக இருந்தால் ரொட்டியில் ஒட்டவில்லை. நல்லெண்ணெயில் குழைத்துப் பாட்டிலில் வைத்தால் ஊறுகாய் போல இருக்குமே" என்று சிலருக்குத் தோன்றும். பச்சைப் பூண்டை அரைத்து எண்ணெயில் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது ஆபத்து.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் "குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம்" என்ற நுண்ணுயிர் உண்டு. அதன் விதை போன்ற வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாகாதவை. காற்றுப் படாத இடத்தில்தான் அவை முளைக்கும். பூண்டை எண்ணெயில் அமிழ்த்தினால் காற்று அடைபட்டு விடுகிறது. பூண்டுக்குள் ஈரமும் இருக்கிறது, புளிப்பு இல்லை. வெளியே வைத்தால் அந்தக் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கும். வாடையிலோ நிறத்திலோ வித்தியாசம் தெரியவேண்டும் என்பதில்லை.

1985-ம் ஆண்டு கனடா நாட்டு வான்கூவர் நகரில் இது நடந்தது. ஒரு ஓட்டலில் எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டைப் பிரிட்ஜில் வைக்காமல் விட்டு விட்டார்கள். அதைத் தடவிய சாண்ட்விச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. கண் பார்வை இரட்டையாகத் தெரியும், நாக்குக் குழறும், பிறகு மூச்சு விடும் தசைகளே செயல் இழக்கும். அதுதான் இந்த நோய்.

நம் வீட்டுப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இட்லிப் பொடியை டப்பாவில் பொடியாகவே வைத்திருக்கிறோம். எண்ணெயைத் தட்டில்தான் குழைக்கிறோம். பூண்டு சட்னிக்கும் அதே முறையைக் கையாளலாம். சாப்பிடும் வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொள்ளுங்கள். மிஞ்சினால் கொட்டி விடுங்கள்.

பச்சைச் சட்னி

இது நேர் எதிரானது. முழுவதும் ஈரம். ஆகவே அன்று அரைத்து அன்றே தீர்க்க வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை பார்க்கலாம்.

ஒரு கட்டு கொத்துமல்லி, அதில் கால் பங்கு புதினா, 3 பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீரகம், பாதி எலுமிச்சம் பழச் சாறு, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. இவற்றோடு 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை.

கடைச் சட்னி ரொட்டியில் வழியாமல் ஒட்டி நிற்பதற்கு ஒரு காரணம் இந்தப் பொட்டுக்கடலை. அது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக் கொள்ளும். சில கடைக்காரர்கள் பொட்டுக்கடலைக்குப் பதில் ஒரு துண்டு ரொட்டியையே போட்டு அரைத்து விடுவார்கள்.

கீரையை மண் போக 3 தண்ணீரில் அலசி, நன்றாக வடிய விடவேண்டும். பச்சையாக உண்பதால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நல்லது. கொத்துமல்லித் தண்டை எறிய வேண்டாம். மணம் தண்டிலும் இருக்கிறது.

மிக்சி ஓடும் சூட்டில் பச்சை நிறம் மங்கும். 2 ஐஸ் துண்டுகள் போட்டு அரைத்தால் நிறம் நிற்கும். தண்ணீரை ஒரு கரண்டிக்கு மேல் விடாதீர்கள். இட்லிக்குத் தொடும் சட்னி போல நீர்க்க இருந்தால் ரொட்டி நமுத்து விடும்.

வெண்ணெய் எதற்கு?

மும்பைத் தெரு சாண்ட்விச்சில் உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், வெங்காயம் எல்லாம் வில்லை வில்லையாக அடுக்குவார்கள். 18-ம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் பட்டப் பெயரால் வந்த பண்டம் இங்கே வந்து இப்படி வேஷம் மாறியது.

அந்த வியாபாரியைக் கவனித்துப் பாருங்கள். ரொட்டியில் முதலில் வெண்ணெய், அதற்கு மேல்தான் சட்னி. முறையை மாற்றவே மாட்டார். வெண்ணெய் வெறும் ருசிக்காக அல்ல. கொழுப்பும் தண்ணீரும் ஒட்டாது. வெண்ணெய் ஒரு பூச்சு போல நின்று, சட்னியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூட டப்பாவுக்குச் சாண்ட்விச் கட்டும் தாய்மார்கள் இதைப் பின்பற்றலாம். ஓரம் வரை வெண்ணெய் தடவவேண்டும்.

வெள்ளை சாஸ்

1996-ம் ஆண்டு மெக்டொனால்ட்ஸ் டெல்லியிலும் மும்பையிலும் கடை திறந்த பிறகு, பர்கருக்குத் தடவும் வெண்மையான சாஸ் பிள்ளைகளுக்குப் பழகி விட்டது. அதற்கு அடிப்படை மயோனைஸ். முட்டை மஞ்சள் கருவையும் எண்ணெயையும் சேர்த்துக் கடைந்து, புளிப்புக்கு வினிகர் விடுவது அதன் மூல முறை. முட்டையை வேக வைப்பதில்லை. அங்கேதான் ஆபத்து. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் அப்படியே வயிற்றுக்குள் போகும்.

தெலுங்கானா அரசு 2024-ம் ஆண்டு அக்டோபரில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

வீட்டில் முட்டை இல்லாமலே இந்த ருசியைக் கொண்டு வரலாம். தாதர் பால் கடைகளில் ஸ்ரீகண்ட் செய்வதற்கு "சக்கா" விற்கிறார்கள். தண்ணீர் முழுவதும் வடித்த கெட்டித் தயிர்தான் சக்கா. வீட்டிலும் செய்யலாம். புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, பிரிட்ஜுக்குள் 4 மணி நேரம் வைத்தால் போதும். வெளியே தொங்க விட்டால் மும்பைச் சூட்டில் புளித்து விடும்.

ஒரு கப் சக்காவுடன் 2 மேசைக்கரண்டி தக்காளி சாஸ், அரைத் தேக்கரண்டி கடுகுத் தூள், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, உப்பு, மிளகுத் தூள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து முள் கரண்டியால் அடித்துக் கொள்ளுங்கள். மிகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சாப்பிடும் நேரத்தில் கலக்க வேண்டும். காரம் வேண்டுவோர் பூண்டு சட்னியில் ஒரு கரண்டி சேர்க்கலாம். பர்கர் கடை சாஸ் போலவே இளஞ்சிவப்பாக இருக்கும். பிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம்.

கம்பெனி பாட்டில் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் வினிகரின் புளிப்பு அளந்து சேர்க்கப்படுகிறது. கெடாமல் காக்கும் மருந்து சேர்கிறது. கிருமி நீக்கிய பாட்டிலில் அடைக்கிறார்கள். அந்த வசதி வீட்டு அடுப்படியில் இல்லை. பாட்டிலைக் கழுவி நம் சாசை ஊற்றினால், அந்தப் பாட்டிலின் ஆயுள் நம் சாசுக்கு வந்து விடாது.

விற்பவர்கள் கவனத்துக்கு

தாராவியில் வீட்டில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டு போய் நகரம் முழுவதும் விற்கும் தமிழர்கள் உண்டு. மாலையில் வீட்டு வாசலில் வடா பாவ் போடும் பெண்களும் உண்டு. ஒரு நாள் சட்னி கெட்டால் வாடிக்கை போய்விடும். நாலு பேருக்கு வயிறு கெட்டால் கடையே போய்விடும்.

ஆகவே விற்பனைக்குச் செய்கிறவர்கள் பச்சைச் சட்னியைக் காலையிலும் மாலையிலும் தனித்தனியாக அரைப்பது நல்லது. காலைச் சட்னி மிஞ்சினால் மாலைச் சட்னியோடு கலக்கக்கூடாது. பழையதில் இருக்கும் கிருமி புதியதையும் கெடுத்து விடும். சட்னிப் பாத்திரத்துக்கு மூடி வேண்டும். காசு வாங்கிய கையால் ரொட்டியைத் தொடாமல் இருக்க இடுக்கி வைத்துக் கொள்ளலாம். சிறு வியாபாரிகளும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம்.

ஊருக்குப் போகும்போது

தாதரில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரசில் 2 இரவு கழிக்க வேண்டும். வழிச் சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி கட்டுவது நம் வழக்கம். உடன் ஒரு சிறு பாட்டில் பூண்டு சட்னியும் எடுத்துக் கொள்ளலாம். சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் தயிர்ச் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள ஆகும். பச்சைச் சட்னியையும் சக்கா சாசையும் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் மும்பைப் பண்டமாக இதைக் கொண்டு போய்க் கொடுக்கலாம். கொடுக்கும் பாட்டிலில் செய்த தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி விடுங்கள். "எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டாம்" என்று அதன் கீழே ஒரு வரியும் எழுதிவிட்டால் நல்லது.